நீலப் பள்ளிவாசலுக்கு விழுந்த பூட்டு: ஈரான் அரசும் ஷியா உலகப் பேரவையும்

2024 ஜூலை 24, புதன்கிழமை அதிகாலை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆல்ஸ்டர் ஏரிக்கரையில் இருக்கும் நீலப் பள்ளிவாசலைப் போலீசார் சுற்றி வளைத்தார்கள். அதே நேரத்தில் எட்டு மாநிலங்களில் 53 இடங்களில் சோதனை நடந்தது. பள்ளிவாசலை நடத்திவந்த ஹாம்பர்க் இஸ்லாமிய மையம் தடை செய்யப்படுகிறது, அதன் சொத்துகள் பறிமுதல் செய்யப்படுகின்றன என்று உள்துறை அமைச்சர் நான்சி ஃபேசர் அறிவித்தார். ஃபிராங்ஃபர்ட், மியூனிக், பெர்லின் நகரங்களிலும் அதோடு சேர்ந்த அமைப்புகளுக்குத் தடை. மொத்தம் நான்கு ஷியா பள்ளிவாசல்கள் மூடப்பட்டன.

அரசு சொன்ன காரணங்கள் கடுமையானவை. அந்த மையம் ஈரான் உச்சத் தலைவரின் நேரடிப் பிரதிநிதியாக நடந்துகொண்டது, ஈரானியப் புரட்சியின் கொள்கையை ஜெர்மனியில் பரப்பியது, லெபனானின் ஷியா ஆயுத இயக்கமான ஹெஸ்பொல்லாவை ஆதரித்தது, யூத வெறுப்பை வளர்த்தது. இந்தத் தடை ஷியா மதத்துக்கோ அமைதியாகத் தொழுபவர்களுக்கோ எதிரானதல்ல என்றும் ஃபேசர் சேர்த்துச் சொன்னார். அடுத்த மாதமே தெஹ்ரானில் இருந்த ஒரு ஜெர்மன் மொழிப் பயிற்சி நிலையத்தின் இரண்டு கிளைகளை ஈரான் இழுத்து மூடியது. கணக்கு நேரானது என்று இரு அரசுகளும் அடுத்த வேலைக்குப் போய்விட்டன.

அந்தப் பள்ளிவாசலைக் கட்டியது யார் என்ற கேள்வி அன்றைய செய்திகளில் அதிகம் எழவில்லை. என்னைப் பொறுத்தவரை விஷயமே அங்கேதான் தொடங்குகிறது.

1950-களில் ஹாம்பர்க் துறைமுகத்தில் கம்பளமும் உலர்பழமும் விற்றுவந்த ஈரானிய வியாபாரிகள் தங்களுக்கு ஒரு தொழுகை இடம் வேண்டும் என்று நினைத்தார்கள். அவர்கள் உதவி கேட்டது ஈரான் மன்னர் ஷாவின் அரசிடம் அல்ல, ஈரானின் கும் நகரில் இருந்த ஆயத்துல்லா புரூஜெர்தியிடம். அன்றைய ஷியா உலகம் தலைமேல் வைத்துப் போற்றிய மார்க்க அறிஞர் அவர். அரசியலிலிருந்து விலகி நின்றவர், தம் மாணவர்களையும் விலகி நிற்கச் சொன்னவர். அவர் ஆசி தந்தார், பணம் தந்தார், ஓர் இமாமையும் அனுப்பிவைத்தார். 1960-களின் தொடக்கத்தில் கட்டுமானம் ஆரம்பமானது. நீல ஓடு பதித்த முகப்பு, இரண்டு மினார்கள், தொழுகைக் கூடத்தில் கையால் முடிச்சிட்டு நெய்த பிரம்மாண்டமான வட்டக் கம்பளம். வியாபாரிகளின் காசும் ஓர் அறிஞரின் ஆசியுமாக எழுந்த அந்த இடத்தில் அரசு என்ற ஒன்றுக்கு வேலையே இல்லை.

அறுபது ஆண்டுகள் கழித்து அதே கட்டடத்தை வேறொரு நாட்டு அரசின் கிளை அலுவலகம் என்று சொல்லி ஜெர்மனி பூட்டியது. ஜெர்மனி சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்றே நான் நினைக்கிறேன். அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன? அதைப் புரிந்துகொள்ள, உலக ஷியாக்களுக்கென்று தெஹ்ரான் தொடங்கிய அஹ்லுல்பைத் உலகப் பேரவை என்ற அமைப்பையும், அது எந்த மண்ணில் வேர்விட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐந்தில் ஒரு பங்கு

உலக முஸ்லிம்களில் ஷியாக்கள் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஈரான், பாகிஸ்தான், இந்தியா, இராக் ஆகிய நான்கு நாடுகளில் வாழ்கிறார்கள். சென்னைக்காரர்கள் தினமும் பேருந்தில் கடந்துபோகும் ஆயிரம் விளக்கு மசூதி ஷியாக்களுடையது. முஹர்ரம் நாட்களில் அங்கே ஆயிரம் விளக்கேற்றி நபியின் பேரன் இமாம் ஹுசைனுக்காகத் துக்கம் காத்ததால் வந்த பெயர் என்பார்கள். அந்தப் பெயரில் பேருந்து நிறுத்தமும் காவல் நிலையமும் சட்டமன்றத் தொகுதியும் இருக்கின்றன. ஆனாலும் ஷியாக்கள் யார், அவர்களுடைய மத அமைப்பு எப்படி இயங்குகிறது என்று நமக்கு அதிகம் தெரியாது.

நபியின் குடும்பத்தில் வந்த பன்னிரு தலைவர்களை, அதாவது இமாம்களை, ஏற்கும் ஷியாக்களின் நம்பிக்கைப்படி, பன்னிரண்டாவது இமாம் மறைந்திருக்கிறார், ஒருநாள் திரும்பி வருவார். அதுவரை மார்க்க விஷயங்களில் வழிகாட்டுவது கற்றறிந்த உலமாக்களின் பொறுப்பு. அவர்களில் மிகவும் உயர்ந்தவர்களை மர்ஜா என்கிறார்கள். ஒரு சாதாரண ஷியா, உயிரோடு இருக்கும் மர்ஜாக்களில் ஒருவரைத் தானே தேர்ந்துகொண்டு அவர் தீர்ப்பைப் பின்பற்றுகிறார். இதற்குப் பெயர் தக்லீத். லக்னோவில் இருப்பவர் இராக்கின் நஜஃப் நகரத்து மர்ஜாவைப் பின்பற்றலாம், அவருடைய தம்பி கும் நகரத்து மர்ஜாவைப் பின்பற்றலாம். இதில் தேசத்தின் எல்லைக்கு வேலை கிடையாது.

பணமும் இதே பாதையில்தான் போகிறது. ஆண்டு முடிவில் ஒரு ஷியா வியாபாரி கணக்குப் பார்க்கிறார். குடும்பச் செலவு போக மிஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கு கும்ஸ். அதில் பாதி, நபியின் வழிவந்த சையது குடும்பங்களில் உள்ள ஏழைகளுக்கு. மறுபாதி இமாமின் பங்கு. இமாம் இல்லாத காலத்தில் அது அவரவர் மர்ஜாவிடம் போகிறது. ஊரில் மர்ஜாவின் அனுமதிக் கடிதம் பெற்ற பிரதிநிதி ஒருவர் இருப்பார். அவரிடம் கட்டினால் ரசீது வரும். அந்தப் பணத்தில் மத்ரசா மாணவர்கள் சாப்பிடுகிறார்கள், மருத்துவமனைகள் ஓடுகின்றன, அனாதைப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி, எந்த அரசரின் கஜானாவையும் அது நம்பியிருக்கவில்லை என்பதே. அரசரிடம் சம்பளம் வாங்காத அறிஞர் அரசரை எதிர்க்க முடியும். 1890-இல் ஈரானின் ஷா நாட்டின் புகையிலை வியாபாரம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்குத் தூக்கிக் கொடுத்தார். மறு ஆண்டு டிசம்பரில், அன்றைய ஒட்டோமான் மண்ணில் சமர்ரா நகரத்தில் இருந்த மிர்சா ஷிராஸியின் பெயரில் ஒரு ஃபத்வா வந்தது: புகையிலையைத் தொடுவது இமாமை எதிர்த்துப் போரிடுவதற்குச் சமம். கடைகள் அடைத்தன, ஹுக்காக்கள் உடைந்தன. ஷாவின் அந்தப்புரத்திலேயே பெண்கள் ஹுக்காவைத் தூக்கிப் போட்டார்கள் என்று இன்றும் கதை சொல்வார்கள். 1892 தொடக்கத்தில் ஷா ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. சாம்ராஜ்யங்கள் மோதிக்கொண்டிருந்த காலத்தில் பட்டாளம் எதுவும் இல்லாத ஒரு முதியவர் வென்றதற்கு அந்தச் சுதந்திரமே காரணம். பிற்பாடு ஓர் அரசு இதே வலைப்பின்னலின் மீது கண்வைத்ததில் ஆச்சரியமில்லை.

1989-க்குப் பிறகு

இங்கே இரண்டு பெயர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1979 புரட்சியின் தலைவர் ருஹொல்லா கொமேனி. அவருக்குப் பின் வந்தவர் அலி கமேனி.

விலாயத்தே ஃபகீஹ் என்ற கொள்கையைக் கொமேனி 1970-இல் நஜஃபில் உரைகளாக விளக்கினார். இமாம் மறைந்திருக்கும் காலத்தில் மார்க்க அறிஞரே நாட்டை ஆள வேண்டும் என்பது அதன் சாரம். அதே நஜஃபில் அவரைவிட அதிகமான பேர் பின்பற்றிய ஆயத்துல்லா கூயீ இதை ஏற்கவில்லை. அனாதைகள், புத்தி சுவாதீனமில்லாதவர்கள் ஆகியோரின் காரியங்களைப் பார்த்துக்கொள்வது போன்ற வரையறுத்த பொறுப்புதான் அறிஞருக்கு உண்டு, ஆட்சி இல்லை என்பது பழைய மரபு. ஆக, இந்தக் கருத்து வேறுபாட்டை மேற்குலகம் கிளப்பிவிட்டதாகச் சொல்வது தவறு. ஷியா மார்க்கத்தின் நடுக்கூடத்திலேயே பிறந்த விவாதம் இது.

கொமேனி மர்ஜாவாகவும் இருந்தார், நாட்டின் தலைவராகவும் இருந்தார். 1989 ஜூனில் அவர் இறந்தபோது பதவிக்கு வந்த கமேனி மர்ஜா அல்ல. மார்க்கக் கல்வியில் நடுத்தரப் படியில் இருந்தவர். தலைவர் மர்ஜாவாக இருக்க வேண்டும் என்ற விதியையே அரசமைப்பிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அவருடைய பதவியை உறுதிப்படுத்தினார்கள். அதற்கு முன்பு வாரிசாக அறிவிக்கப்பட்டிருந்தவர், உண்மையிலேயே பெரிய அறிஞரான மொந்தசேரி. அரசியல் கைதிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதை எதிர்த்துப் பேசியதற்காக அவர் ஒதுக்கப்பட்டார். பின்னாளில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வீட்டுக்காவலிலும் வைக்கப்பட்டார்.

புதிய தலைவருக்கு அதிகாரம் இருந்தது, மார்க்கத்தில் எடை இல்லை. உள்நாட்டில் படையும் நீதிமன்றமும் அந்தக் குறையை மூடிவிடும். வெளிநாட்டு ஷியாக்களிடம் அந்த வழி செல்லாது, ஏனென்றால் அவர்கள் யாரைப் பின்பற்றுவது என்பதை அவர்களே தேர்கிறார்கள். 1990-இல் தெஹ்ரானில் அஹ்லுல்பைத் உலகப் பேரவை பிறந்ததை இந்தப் பின்னணியில்தான் நான் படிக்கிறேன். அஹ்லுல்பைத் என்றால் நபியின் குடும்பத்தார். உலகெங்கும் உள்ள ஷியாக்களை ஒருங்கிணைப்பது, அவர்களுடைய உரிமைகளைக் காப்பது, நபி குடும்பத்தின் போதனைகளைப் பரப்புவது என்று அதன் நோக்கங்கள் எழுதப்பட்டன. அதே ஆண்டில் சுன்னி - ஷியா நெருக்கத்துக்கென்று இன்னொரு மன்றமும் தொடங்கப்பட்டது. சவுதி அரேபியா 1962-லேயே மக்காவில் உலக முஸ்லிம் லீகைத் தொடங்கி, எண்ணெய்ப் பணத்தில் தன் வழி மார்க்கத்தை உலகெங்கும் கொண்டுபோயிருந்தது. தெஹ்ரானின் பேரவையை அதற்கான பதில் என்றும் சொல்லலாம்.

1994 நவம்பர் இறுதியில், ஈரானின் மூத்த மர்ஜாவான ஆயத்துல்லா அராகி இறந்தார். அடுத்து யாரைப் பின்பற்றலாம் என்று கும் மார்க்க ஆசிரியர் சங்கம் ஏழு பெயர்களை அறிவித்தது. அதில் கமேனியின் பெயர் இருந்தது. நஜஃபில் இருந்த சிஸ்தானியின் பெயர் இல்லை. கூயீ இறந்தபின் பல நாட்டு ஷியாக்கள் அப்போதே சிஸ்தானியை நோக்கித் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். டிசம்பரில் பேசிய கமேனி, ஈரானுக்குள் தாம் மர்ஜாவாகத் தேவையில்லை, தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள், ஆனால் ஈரானுக்கு வெளியே இருப்பவர்களுக்காக அந்தச் சுமையை ஏற்கிறேன் என்றார்.

இந்த ஒரு பேச்சை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கும் நகரில் தெருவுக்கு ஓர் அறிஞர் இருக்கும்போது அங்கே மர்ஜா என்று சொல்லிக்கொள்வது கடினம். பெய்ரூட்டிலும் கராச்சியிலும் ஹாம்பர்க்கிலும் அந்தக் கடினம் குறைவு. மார்க்கத் தலைமையை இப்படி உள்நாடு, வெளிநாடு என்று பிரித்தது மரபில் இல்லாத பிரிவு. கண்ணுக்கெட்டாத தூரத்து மக்களிடம் அந்தத் தலைமையைக் கொண்டுசேர்க்க ஒரு பேரவை தேவைப்பட்டது.

இயந்திரம் எப்படி ஓடுகிறது

பேரவையின் உயர் குழுவையும் பொதுச்செயலாளரையும் நியமிக்கும் அதிகாரம் உச்சத் தலைவருடையது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தெஹ்ரானில் பொதுச்சபை கூடுகிறது. ஏழாவது சபை 2022 செப்டம்பரில் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து இமாம்களும் பள்ளி நிர்வாகிகளும் எழுத்தாளர்களும் வந்து, உச்சத் தலைவரைச் சந்தித்து, மேடையில் அமர்ந்து படமெடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். தம் சொந்த நாட்டில் அரசாங்க அலுவலகத்தில்கூட மதிப்பில்லாத ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் இமாமுக்கு அந்த மூன்று நாள் மரியாதை எவ்வளவு பெரியது! பணத்தைவிட அது அதிகம் கட்டிப்போடும். பேரவைக்கென்று அப்னா என்ற செய்தி நிறுவனம் பல மொழிகளில் இயங்குகிறது. ஷியா வரலாறு பற்றிய விக்கி ஷியா என்ற இணையக் கலைக்களஞ்சியமும் அதனுடையதுதான்.

பேரவையை நடத்தியவர்களின் பின்புலமும் கதை சொல்லும். பதினைந்து ஆண்டுகள் பொதுச்செயலாளராக இருந்த முகமது ஹசன் அக்தரி, அதற்கு முன் டமாஸ்கஸில் ஈரானின் தூதராக இருந்தவர். அவர் தூதராக இருந்த 1980-களும் 1990-களும் ஹெஸ்பொல்லா வளர்ந்த காலம். 2019-இல் அவருக்குப் பின் வந்த ரெசா ரமசானி, ஹாம்பர்க் நீலப் பள்ளிவாசலின் தலைமை இமாமாக 2009 முதல் 2018 வரை இருந்தவர். தூதரகம், பள்ளிவாசல், பேரவை மூன்றும் ஒரே வீட்டின் மூன்று அறைகள். ஓர் அறையில் இருப்பவர் இன்னோர் அறைக்குப் போக வெளியே வரவே வேண்டியதில்லை.

ஆட்களை உருவாக்கும் இடம் வேறு. கும் நகரைத் தலைமையகமாகக் கொண்ட அல்-முஸ்தஃபா சர்வதேசப் பல்கலைக்கழகம், அதற்குமுன் இருந்த இரண்டு அமைப்புகளை இணைத்து 2007-இல் உருவானது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே இருப்பது. மேற்கு ஆப்பிரிக்கக் கிராமத்திலோ காபூலில் ஹசாரா இன ஷியாக்களின் குடியிருப்பிலோ படிப்பு எட்டாக்கனியாக இருக்கும் ஓர் இளைஞனுக்குப் பயணச்சீட்டு, தங்குமிடம், மாத உதவித்தொகை எல்லாம் கிடைக்கின்றன. முதலில் பாரசீகம் கற்கிறான், பிறகு அரபு, பிறகு சட்டவியல். கல்யாணம் ஆனால் குடும்பத்தோடு தங்க வீடு. பத்து ஆண்டு கழித்து ஊர் திரும்பும்போது அவன் தன் கிராமத்தில் மிகவும் படித்தவன்.

அவனைப் போன்றவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. தொழுகை நடத்துகிறார்கள், பிள்ளைகளுக்குக் குர்ஆன் சொல்லித்தருகிறார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனால் 2020 டிசம்பரில் அமெரிக்கா இந்தப் பல்கலைக்கழகத்தின் மீது தடை விதித்தபோது சொன்ன குற்றச்சாட்டையும் ஒதுக்கிவிட முடியாது: சிரியப் போருக்கு அனுப்பிய ஆப்கானியரின் ஃபாதிமியூன் படைக்கும் பாகிஸ்தானியரின் ஜைனபியூன் படைக்கும் ஆள் சேர்க்க ஈரான் புரட்சிக் காவல்படையின் வெளிநாட்டுப் பிரிவான குத்ஸ் இதைப் பயன்படுத்தியது என்பது அது. ஈரான் மறுத்தது. ஆனால் ஒரே கையிலிருந்து உதவித்தொகையும் படைக்கான அழைப்பும் வரும்போது, படிக்க வந்தவன் இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நாமே ஊகிக்கலாம்.

எடுபட்ட இடமும் எடுபடாத இடமும்

லெபனானில் இது எடுபட்டது. 1995-இல் கமேனி தம் மார்க்கப் பிரதிநிதிகளாக ஹசன் நஸ்ரல்லாவையும் முகமது யஸ்பெக்கையும் நியமித்தார். நஸ்ரல்லா அப்போது ஹெஸ்பொல்லாவின் பொதுச்செயலாளர். கும்ஸ் வாங்கும் அதிகாரமும் கட்சித் தலைமையும் ஒரே ஆளிடம் வந்துவிட்டன. அங்கேயே பெய்ரூட்டின் பெரிய அறிஞர் ஃபத்லல்லா வளைந்து கொடுக்கவில்லை. தாமே மர்ஜா என்று தனித்து நின்றார், அதற்காக ஏராளமான வசைகளை வாங்கிக்கொண்டார், 2010-இல் இறக்கும்வரை தம் பள்ளிகளையும் அனாதை இல்லங்களையும் நடத்தினார்.

இராக்கில் அந்த அளவுக்கு எடுபடவில்லை. ஆயுதக் குழுக்களும் கட்சிகளும் தெஹ்ரானின் பக்கம் சாய்ந்தாலும், மக்களில் பெரும்பாலோர் சிஸ்தானியைத்தான் பார்க்கிறார்கள். அவர் மஷ்ஹதில் பிறந்த ஈரானியர். நஜஃபின் ஒரு குறுகிய சந்தில், வாடகை வீட்டில் இருக்கிறார். 2014 ஜூனில் ஐ.எஸ். மோசூலைப் பிடித்தபோது அவர் விடுத்த ஓர் அழைப்புக்கு ஆயிரமாயிரம் பேர் படையில் சேரத் திரண்டார்கள். 2019 இறுதியில் இராக் இளைஞர்கள் ஊழலை எதிர்த்துத் தெருவில் நின்றபோது, அவர்களில் பெரும்பாலோர் ஷியாக்கள்தான், புனித நஜஃபிலேயே ஈரான் துணைத் தூதரகத்தைக் கொளுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை உரையில் சிஸ்தானியின் பிரதிநிதி நாடாளுமன்றம் தன் ஆதரவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சொன்னார். அன்றே பிரதமர் அப்துல் மஹ்தி ராஜினாமாவை அறிவித்தார். பேரவைகளும் பல்கலைக்கழகங்களும் செய்தி நிறுவனங்களும் முப்பது ஆண்டுகளாகத் தேடிய செல்வாக்கு, சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவரிடம் இருக்கிறது.

அரசு இல்லாமல் உலக அளவில் அமைப்பு நடத்த முடியாது என்பதும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியிருக்கும் கோஜா ஷியா வியாபாரிகள் 1976-இல் ஓர் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கித் தங்கள் சந்தாவிலேயே நடத்துகிறார்கள். லண்டனில் கூயீயின் பெயரில் 1989-இல் தொடங்கிய அறக்கட்டளை ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி பெற்று ஷியாக்களின் உரிமைக்காகப் பேசிவருகிறது. இவற்றின் பெயரைக் கேட்டு எந்த நாட்டு உளவுத்துறையும் தூக்கத்தைத் தொலைப்பதில்லை.

இந்தியாவில் கதை கொஞ்சம் வேறு. கொமேனியின் தாத்தா உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி பக்கத்துக் கிந்தூர் கிராமத்தில் பிறந்தவர், அதனால் 'ஹிந்தி' என்ற பட்டப்பெயரோடே ஈரானுக்குப் போனவர். லடாக்கின் கார்கிலில் கொமேனி இறந்த 1989-லேயே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, உள்ளூர் மலைக் கவுன்சில் தேர்தல்வரை செல்வாக்குப் பெற்றது. பள்ளி, மருத்துவ உதவி, முஹர்ரம் ஊர்வலம் என்று அதன் வேலை பெரும்பாலும் அந்த மண்ணோடுதான். தெஹ்ரான் தலைவர் ஒருவரின் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர் எல்லாரும் தெஹ்ரானின் ஆள் என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்குக் கார்கில் நல்ல சாட்சி. 1999 போரில் அந்த மக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பழி ஓரிடம்

இந்த அரசியலின் விலையைத் தெஹ்ரானில் இருப்பவர்கள் கொடுப்பதில்லை. எனக்குத் தாங்காத இடம் இதுதான்.

நைஜீரியாவில் 1979-க்கு முன் ஷியாக்கள் அநேகமாக இல்லை. மாணவர் தலைவராக இருந்த இப்ராஹிம் சக்சக்கி ஈரானியப் புரட்சியில் மனதைப் பறிகொடுத்து, ஸாரியா நகரில் பெரிய இயக்கத்தை வளர்த்தார். 2015 டிசம்பர் 12-ஆம் தேதி ராணுவத் தளபதியின் வாகன வரிசைக்கு அவருடைய ஆட்கள் வழிவிடவில்லை என்று தகராறு. ராணுவம் அன்று தொடங்கி இரண்டு நாள் அந்த மக்களைச் சுட்டது. 347 உடல்களை ஒரே குழியில் புதைத்ததாகக் கடுனா மாநில அரசின் அதிகாரியே விசாரணைக் குழு முன் ஒப்புக்கொண்டார். சக்சக்கி தம் மகன்கள் மூவரை அதில் இழந்தார்; முந்தைய ஆண்டு ஊர்வலத்தில் ஏற்கெனவே மூவரை இழந்திருந்தார். ஐந்தரை ஆண்டு சிறைக்குப் பின் 2021 ஜூலையில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஈரான் கண்டன அறிக்கை வெளியிட்டது, அப்னா தினமும் செய்தி போட்டது. அந்தக் குழியில் இருப்பவர்களுக்கு அதனால் என்ன? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான்.

எகிப்தில் 2013 ஜூனில் கீசா பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஷியா மதகுரு ஹசன் ஷெஹாதா உட்பட நான்கு பேரைக் கும்பல் அடித்தே கொன்றது. இந்தோனேசியாவின் மதுரா தீவில் சம்பாங் ஷியாக்களின் வீடுகளைக் கொளுத்தி ஊரைவிட்டே விரட்டினார்கள். மலேசியாவில் 1996 முதல் ஷியா வழியே தவறான வழி என்று மதத்துறை சொல்லிவருகிறது. 2006-இல் எகிப்து அதிபர் முபாரக், ஷியாக்களில் பெரும்பாலோர் தாங்கள் வாழும் நாட்டைவிட ஈரானுக்கே விசுவாசமானவர்கள் என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். அது அப்பட்டமான அவதூறு. தங்கள் நாட்டு ஷியாக்களுக்கு வேலையும் உரிமையும் தர மனமில்லாத ஆட்சியாளர்களுக்கு ஈரானைக் காட்டுவது வசதியான சாக்கு. அந்தச் சாக்கைத் தேடி அலைய வேண்டாதபடி தெஹ்ரான் அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தது. உலக ஷியாக்களின் பாதுகாவலன் நான் என்று ஓர் அரசு பறைசாற்றும்போது, எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கும் ஷியாவின் பெயர் அவர் கேட்காமலேயே அந்த அரசின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

ஈரானியர்களுக்கும் இதில் மனக்குறை உண்டு. 2017 டிசம்பரில் அதிபர் ரூஹானி நாட்டின் பட்ஜெட்டை வெளியிட்டபோது, அல்-முஸ்தஃபா போன்ற மத நிறுவனங்களுக்குப் போகும் தொகைகளைப் பார்த்துச் சனங்கள் கொதித்தார்கள். முட்டை விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். அந்த மாத இறுதியில் மஷ்ஹதில் தொடங்கிய போராட்டங்களில், 'காசாவும் இல்லை, லெபனானும் இல்லை, என் உயிர் ஈரானுக்கே' என்ற முழக்கம் மறுபடி கேட்டது. மதகுருவின் தலைப்பாகைக்கு மரியாதை குறைந்திருப்பதை ஈரானில் மதகுருமார்களே சொல்லி வருந்துகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அரசரின் அநியாயத்தைக் கண்டு மக்கள் ஓடிப்போய் அடைக்கலம் கேட்டது அதே தலைப்பாகைக்காரரிடம்தான். அவர் அரசு ஊழியரான பின் மக்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்?

மீண்டும் ஹாம்பர்க். அந்தப் பள்ளிவாசலின் இமாம்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஈரானின் அரை நூற்றாண்டே தெரிகிறது. 1965 முதல் 1970 வரை இருந்தவர் பெஹெஷ்தி. பிற்பாடு இஸ்லாமியக் குடியரசின் அரசமைப்பை வடித்ததில் முக்கியப் பங்கு அவருடையது, நீதித்துறைத் தலைவராக இருந்து 1981-இல் குண்டுவெடிப்பில் மாண்டார். அடுத்து வந்த ஷபெஸ்தரி, ஜெர்மானியத் தத்துவத்தைக் கற்று, வேதத்தை வாசிப்பவரின் கோணத்தைப் பற்றி எழுதி, பின்னாளில் ஆட்சியின் மார்க்க விளக்கத்தையே கேள்வி கேட்டார். அவருக்குப் பின் கத்தமி. 1997-இல் சீர்திருத்தம் பேசி அதிபரானவர். ஒரே மிம்பரில், அதாவது உரைமேடையில், மூன்று வெவ்வேறு குரல்கள்! புரட்சிக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்கள் உச்சத் தலைவரின் பிரதிநிதிகள். உரைகள் ஒரே குரலாயின. ஜெர்மனியின் உள்நாட்டு உளவுத்துறை 1990-களிலிருந்தே அந்த வாசலைக் கண்காணித்தது.

2022-இல் ஈரான் போலீஸ் காவலில் மஹ்சா அமினி என்ற இளம்பெண் இறந்த பின், ஈரானிலிருந்து தப்பி வந்தவர்கள் அந்த நீல முகப்புக்கு எதிரே வாரக்கணக்கில் நின்று கோஷமிட்டார்கள். அவர்களில் பலர் பிறப்பால் ஷியாக்கள். அந்தப் பள்ளிவாசலுக்குள் போகப் பயந்தவர்கள். அந்த நவம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றம் மையத்தை மூட வழியுண்டா என்று ஆராயச் சொன்னது. அதே மாதம் மையம் ஹாம்பர்க் முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பிலிருந்து வெளியேறியது. 2023 நவம்பரில் 54 இடங்களில் சோதனை நடந்தது, அடுத்த ஜூலையில் பூட்டு. கடைசி இமாம் முஃபத்தே நாட்டைவிட்டு வெளியேற உத்தரவு வந்தது.

ஆனால் அந்தப் பள்ளிவாசலில் தொழுதவர்களில் எல்லாரும் ஈரானியர் அல்லர். ஆப்கானியர், இராக்கியர், லெபனானியர், பாகிஸ்தானியர், மார்க்கத்தைத் தழுவிய ஜெர்மானியர் என்று பலர். அவர்களில் நஜஃபைப் பின்பற்றுகிறவர்களும் உண்டு, யார் தலைவர் என்பதைப் பற்றிக் கவலையே படாதவர்களும் உண்டு. வேறு ஷியா பள்ளிவாசல் பக்கத்தில் இல்லாததால் வந்தவர்கள், தங்கள் தாய்க்குப் பாத்திஹா ஓத வந்தவர்கள். பூட்டு விழுந்தபின் பல வாரங்கள் அவர்களில் ஒரு பகுதியினர் அதே தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் தடுப்புக்கு முன்னால் நடைபாதையில் பாய் விரித்து, நீல மினார்களைப் பார்த்தபடி வரிசையில் நின்று தொழுதார்கள். அந்த வியாபாரிகள் அறுபது ஆண்டுக்கு முன் தங்கள் காசில் கட்டிய கட்டடம் அவர்களுக்கு இருபது அடி தள்ளி நின்றது. சாவி இப்போது ஜெர்மன் அரசிடம்.